சீரகப்பூச்சியும் ஆனி மாதப் பொங்கலும்

சூரியனை ஸ்விட்ச் போட்டு ஏற்றியவனும் நான்தான், பன்னிரண்டு நாள் கழித்து அணைத்தவனும் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. என் நியமன உத்தரவிலேயே அப்படித்தான் போட்டிருந்தது: 'கோமதிநாயகம், மின் பொறியாளர், செயற்கைப் பருவப் பிரிவு'. சங்கரன்கோவிலில் என் மாமனார் அதைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "பருவம்னா என்ன மாப்ள, மழைய நீங்கதான் பெய்ய வைக்கணுமா?" என்று கேட்டார். இல்லை மாமா, வெயில் மட்டும்தான் என்றேன். அவர் என்னை இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்.

2068-ஆம் வருடத்துக் குளிர்காலம் அது. அண்டார்டிகாவின் ஓரத்தில் ஒரு தீவு, அதில் நம்முடைய அகத்தியர் நிலையம். வடக்கே பாரம் கூடி உலகம் சாய்ந்தபோது தெற்கே அனுப்பப்பட்ட முனிவரின் பெயரை வைத்திருந்தார்கள். அவருக்காவது கமண்டலத்தில் தண்ணீர் இருந்தது. எங்களுக்கு எல்லாம் பனிக்கட்டி, உருக்கித்தான் குடிக்க வேண்டும். மே நடுவில் அஸ்தமித்த சூரியன் ஜூலைக் கடைசியில்தான் தலை காட்டும். அதுவரை நாங்கள் நால்வர், மைனஸ் முப்பது டிகிரி, ஓயாத காற்று.

நிலையத் தலைவர் அமலோற்பவம் மேடம். தூத்துக்குடிக்காரர், பூச்சியியல் நிபுணர், ஐம்பது வயது. டாக்டர் ரெஹானா, மேலப்பாளையத்துக்காரர், எங்கள் எல்லோரையும்விடச் சின்னவர். சமையல் தவசிமுத்து அண்ணாச்சி, அருப்புக்கோட்டை. மற்ற வேலைகளை யந்திரங்கள் பார்த்துக்கொண்டன. சமையலையும் யந்திரத்திடம் விட்டிருக்கலாம். ஒரு வருடம் அப்படி விட்டுப் பார்த்தார்களாம், குளிர்காலம் முடியும் முன்பே இரண்டு பேர் ராஜினாமா செய்திருக்கிறார்கள்.

நாங்கள் அங்கே இருந்ததற்குக் காரணம் ஒரு பூச்சி. சீரகத்தின் அளவு, சீரகத்தின் நிறம். அதற்கு வாயில் நுழையாத லத்தீன் பெயர் ஒன்று உண்டு. நாங்கள் சீரகம் என்றே சொல்லிக்கொண்டோம். தன் அஞ்சறைப்பெட்டியை அவமதிப்பதாக அண்ணாச்சி ஆட்சேபித்தார், யாரும் கேட்கவில்லை.

நிலையத்தை ஒட்டிய பள்ளத்தாக்கில் ஒரு பாசிமேடு இருந்தது. ஐந்தாயிரம் வருடப் பாசி. வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். ராஜராஜ சோழன் காலத்து மில்லிமீட்டர் எது என்று மேடம் விரலால் தொட்டுக் காட்டுவார். அந்தப் பாசியைத்தான் சீரகம் அடியிலிருந்து தின்று எருவாக்கிக்கொண்டிருந்தது. எரு நல்லதுதானே என்று நான் கேட்டுத் திட்டு வாங்கினேன். பாசிக்கு எரு ஆகாதாம். எரு வந்தால் புல் வரும், புல் வந்தால் பாசி போகும்.

"இதுக எப்படி மேடம் இங்க வந்துச்சு?" என்று கேட்டேன், ஏப்ரலில் ஒரு சாப்பாட்டு வேளையில்.

"யாரோ ஒருத்தர் பூட்ஸ்ல ஒட்டுன மண்ணுல. ஒண்ணே ஒண்ணு வந்தாப் போதும் கோமதி. இந்த இனத்துல ஆம்பளையே கிடையாது. ஒருத்தி இறங்குனா, ஊரே ரெடி."

"குளிர்ல சாகாதா?"

மேடம் தட்டைத் தள்ளி வைத்தார். பதில் சொல்லப் பிடித்த கேள்வி வந்தால் அப்படிச் செய்வார்.

"குளிர் யாரையும் கொல்றதில்ல. ஐஸ்தான் கொல்லும். உடம்புல இருக்க தண்ணி ஊசி ஊசியா உறைஞ்சு உள்ள இருக்கறத எல்லாம் கிழிச்சிரும். இவ என்ன செய்வா, குளிர் மெதுவா ஏற ஏற, உடம்புத் தண்ணிய வெளிய விட்டுருவா. முக்கால்வாசி போயிரும். மிச்சம் இருக்கது சர்க்கரைப் பாகு. பாகு உறையாது. சுருங்கி, காஞ்சு, பேச்சுமூச்சு இல்லாம எட்டு மாசம் கிடப்பா."

"வத்தலு," என்றார் அண்ணாச்சி, ரசம் ஊற்றிக்கொண்டே.

"அதேதான் அண்ணாச்சி. சுத்தமான வத்தல்."

இந்த ஒரு சொல்லை நாங்கள் நால்வரும் அன்றே பிடித்துக்கொண்டிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். ஆனால் நான் அப்பளத்துக்குக் கை நீட்டினேன், பேச்சு மாறிவிட்டது.

மேடத்துக்கு இதில் சொந்த வலி ஒன்று இருந்தது. பதினாறு வருடங்களுக்கு முன் ஆராய்ச்சி மாணவியாக இதே தீவுக்கு வந்தவர், ஒரு கல்லுக்கு அடியில் மூன்றே மூன்று சீரகப் புழுக்களைப் பார்த்திருக்கிறார். கப்பலுக்கு நேரமாகிவிட்டது. 'இக்குளிரில் தாக்குப்பிடிக்காது' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டு ஓடிப்போய் ஏறிவிட்டார். அந்த வரியை நம்பிப் பத்து வருடம் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது ஒரு சதுர அடிக்குப் பன்னிரண்டாயிரம்.

அண்டார்டிகாவை மேற்பார்க்கும் ஒப்பந்தக் குழு கெடு வைத்துவிட்டது. அக்டோபருக்குள் இந்தப் பூச்சியைக் கொல்ல மேடம் ஒரு வழி காட்டவேண்டும். இல்லையென்றால் ஜனவரியில் யந்திரங்கள் வந்து பாசிமேட்டை மொத்தமாகச் சுரண்டி எரித்துவிடும், ஏற்கனவே ஐந்து தீவுகளில் இருக்கும் பூச்சி இன்னும் பரவாமல் இருக்க. ஐந்தாயிரம் வருடமும் ஒரு வாரத்தில் சாம்பல்.

மேடத்தின் வழிக்குப் பெயர் போலி வசந்தம்.

"நாம அவளுகள ஏமாத்தப் போறோம்," என்றார். "நடுக் குளிர்காலத்துல விளக்கு போட்டுத் தரைய சூடாக்குனா, வசந்தம் வந்துட்டுன்னு முழிச்சிருவாளுக. முழிச்சதும் பட்டுனு அணைச்சிரணும். மெதுவாக் காயறதுக்கு அவகாசமே கிடைக்காது."

"பாவம் மேடம்," என்றார் ரெஹானா.

"பாவம்தான். அவ என்ன தப்பு செஞ்சா? பொழைக்க வந்தா, பொழைச்சா. தப்பு செஞ்சது நான். அதான் மிஷின்ட்ட விடாம நானே செய்யறேன்."

பாசிமேட்டில் ஒன்பது இடங்களில் ஒளி ஊடுருவும் கூடாரங்கள் போட்டேன். ஒவ்வொன்றிலும் ஆறு விளக்குகள். சூடு நேராகத் தரையில் இறங்கவேண்டும் என்பதற்காக, கூடாரங்களுக்குள் கிடந்த பனியை ஒரு துகள் விடாமல் கூட்டி அள்ளச் சொன்னார் மேடம். நான் விளக்குமாறால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். அவ்வளவு சுத்தமாக என் வீட்டைக்கூட நான் கூட்டியதில்லை.

விளக்குகளுக்கு மின்சாரம் சேமிக்க, மே மாதக் கடைசி வாரத்தில் சமையலறை இணைப்பை நான்கு மணி நேரம் துண்டித்தேன். சொல்லாமல் துண்டித்ததுதான் வினை. அண்ணாச்சி தோசை மாவைப் புளிக்கவைக்கும் பெட்டி அந்த இணைப்பில் இருந்திருக்கிறது. மாவு கருங்கல்லாகிவிட்டது. மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் உப்புமா. திட்டு இல்லை, முறைப்பு இல்லை, ஒரு வார்த்தைகூட இல்லை. காலை, மதியம், இரவு, தட்டில் உப்புமா வந்து உட்காரும். முப்பத்தோரு நாள்!

ஆனால் பேச்சு நின்றது எங்கள் இருவருக்குள் மட்டுமல்ல. ரெஹானா எங்கள் சட்டையில் ஒரு சின்ன வில்லை குத்தியிருந்தார். ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை சொல் பேசுகிறார் என்று அது எண்ணும். மார்ச்சில் சராசரி பதினோராயிரம். ஜூன் நடுவில் எழுநூறு. மேடம் நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், திரை அணைந்திருக்கும். நான் என் மகள் அனுப்பிய பத்தொன்பது வீடியோக்களைத் திறக்காமலே வைத்திருந்தேன். பாசம் இல்லாமல் இல்லை. திறந்தால் பதில் பேசவேண்டுமே என்ற அலுப்பு. எண்ணிக்கையைக் காட்டிய அன்று ரெஹானாவே நூற்று இருபது சொல்தான் பேசியிருந்தார்.

ஜூன் இருபத்தைந்து காலை பத்து மணிக்கு ஸ்விட்சைப் போட்டேன்.

இருட்டில் ஒன்பது கூடாரங்களும் ஒன்றாக எரிந்தபோது நான் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்? நாற்பது நாளாக வெளியே என் நிழலையே நான் பார்க்கவில்லை. யாரும் கூப்பிடாமல் மற்ற மூவரும் வெளியே வந்துவிட்டார்கள். அண்ணாச்சி ஒன்பதாம் கூடாரத்துக்குள் போய், குல்லாவைக் கழற்றி, கண்ணை மூடி முகத்தை மேலே தூக்கி நின்றார். பக்கத்தில் போய் நான் ஒரு விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவர் வாய் திறந்தது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க தம்பி, நிழல் விழுது."

அன்று மதியம் எனக்கு எலுமிச்சை சாதம்.

அதற்கப்புறம் எல்லோருக்கும் கூடாரத்தில் ஏதாவது ஒரு வேலை வந்துவிட்டது. ரெஹானா நான்காம் கூடாரத்தில் ரத்த அழுத்தம் பார்த்தார், கூடவே தலைமுடியைக் காயவைத்துக்கொண்டார். மேடம் வெப்பமானி பார்க்கிற சாக்கில் வந்து, தூத்துக்குடிப் பனிமய மாதா தேர்த்திருவிழாவில் தான் தொலைந்துபோன கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். நான் பத்தொன்பது வீடியோக்களையும் பார்த்து முடித்து, மகளோடு இரண்டு மணி நேரம் பேசினேன். பல் விழுந்த கதையை முதலில் இருந்து சொல்லச் சொன்னேன், அவளும் சளைக்காமல் சொன்னாள். ஐந்தாம் நாள் வில்லைக் கணக்கு ஒன்பதாயிரத்தைத் தாண்டியது.

"என்னா வெயிலு!" என்று அண்ணாச்சி தரையைத் தட்டிப் பார்த்தார். மண் மாவு மாதிரி பறந்தது. "அம்மா, மோர்மிளகாய் போட்டா மூணே நாள்ல காஞ்சிரும். ஒரு தட்டு மட்டும் வச்சுக்கிறட்டா?"

"கட்டடத்துக்கு வெளிய சாப்பாட்டுப் பொருளே வரக்கூடாது அண்ணாச்சி. சிந்துச்சுன்னா சிந்துன ஆளு ஆயுசுக்கும் இந்தக் கண்டத்துல கால் வைக்க முடியாது. சட்டம்."

அவர் பெருமூச்சு விட்டு, அந்த வெயில் வீணாகிறதே என்று போனார்.

பன்னிரண்டாம் நாள், ஜூலை ஆறு, மாலை ஆறு மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்பது திட்டம். முந்தின நாள் சாப்பாட்டு வேளையில் எல்லோரும் கடிகாரத்தையே பார்த்தோம். இன்னும் நான்கு நாள் நீட்டிக்கலாமா என்று ரெஹானா கேட்டார். சோதனை கெட்டுவிடும் என்றார் மேடம், ரெஹானாவின் முகத்தைப் பார்க்காமல். அப்போதுதான் அண்ணாச்சி ஆரம்பித்தார்.

"சரி, அணைங்க. ஆனா வந்தவருக்கு ஒரு வாய் பொங்கல் வைக்காம அனுப்புறது முறையில்லங்கம்மா."

"யாருக்கு?"

"சூரியனுக்கு."

"அது ஆறு கிலோவாட் விளக்கு அண்ணாச்சி."

"இருக்கட்டுமே. பன்னெண்டு நாளா நம்மள மனுசனா வச்சிருந்துச்சுல்ல?"

மேடம் சட்டப்படி முடியாது என்று அரை மணி நேரம் வாதாடிப் பார்த்தார். பானைக்குக் கீழே பெரிய தட்டு வைப்பது, ஒரு சொட்டுகூடத் தரையில் படாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. பொங்காமலே இறக்கிவிடக் கூடாதா என்று கடைசியாகக் கேட்டார்.

"பொங்கி வழியாட்டி அது பொங்கல் இல்லம்மா, வெறும் சோறு."

மறுநாள் காலை பத்தரைக்கு ஒன்பதாம் கூடாரத்தில் மின்னடுப்பு வைத்தேன். அண்ணாச்சி தன் பத்துக் கிலோ பெட்டியில் துணிமணியைக் குறைத்துக்கொண்டு ஒரு பித்தளைப் பானை கொண்டுவந்திருந்தது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. மஞ்சள் கொத்துக்கு ரெஹானா பச்சைப் பேனாவால் காகிதத்தில் இலை வரைந்து வெட்டிக் கட்டினார். கரும்புக்கு நான் ஊதா நிறக் கேபிள் குழாயை நாலு முழம் வெட்டி, கணுவுக்குக் கறுப்பு டேப் சுற்றி, சாத்தி வைத்தேன். அரிசி களைந்த தண்ணீரையும் அண்ணாச்சி தட்டிலேயே ஊற்றிக்கொண்டார். மேடம் கட்டுப்பாட்டு அறையில் வெப்பமானிகளோடு இருந்தார், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சட்டமீறலைக் கண்ணால் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம்.

பால் பொங்கியது. நுரை பானையின் கழுத்தைத் தாண்டி, நாலா பக்கமும் வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று மூன்று பேரும் கத்தினோம். ரெஹானா ஸ்டெதஸ்கோப்பைத் தலைக்கு மேல் சுழற்றினார். கத்துகிற உற்சாகத்தில் நான் இரண்டடி பின்னால் வைத்தேன், என் பூட்ஸ் தட்டின் விளிம்பில் பட்டது. தட்டு கவிழ்ந்தது.

அரிசித் தண்ணீரும் பாலும் வெல்லமுமாக மூன்று லிட்டர். தரை மடமடவென்று குடித்துவிட்டது. துடைக்கத் துணி எடுப்பதற்குள் ஒன்றும் மிச்சமில்லை. கூடாரம் முழுக்க ஏலக்காய் வாசனை.

வாக்கிடாக்கி கரகரத்தது. "என்ன சத்தம் அங்க?"

"பொங்கிருச்சு மேடம்," என்றார் ரெஹானா.

"சிந்தலியே?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அண்ணாச்சியின் பித்தளைப் பானையைப் பார்த்தேன். ஆயுசுக்கும் கால் வைக்க முடியாது.

"இல்ல மேடம்," என்றேன்.

மாலை ஆறு மணிக்கு அணைத்தேன். இருட்டு வந்த வேகத்தில் காது அடைத்தது. தரையின் சூடு மைனஸ் இருபத்தொன்பதுக்கு இறங்க மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று இரவு நாலு பேரும் சாப்பாட்டு அறையில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு ஆறிப்போன சர்க்கரைப் பொங்கலைத் தின்றோம். பல வருடங்களில் நான் சாப்பிட்ட நல்ல பொங்கல் அதுதான், மேடம் முகத்தைப் பார்க்காமல் தின்றதும் அதுதான்.

மறுபடி எழுநூறுக்கு இறங்கிவிடுவோம் என்று ரெஹானா பயந்தார். இறங்கவில்லை. மூன்று பேருக்குள் ஒரு ரகசியம் இருந்தால் கிசுகிசுக்க விஷயம் தீர்வதில்லை. எண்ணிக்கை நாலாயிரத்துக்குக் கீழே போகவே இல்லை.

பத்து நாள் கழித்து மேடம் ஒன்பது இடங்களிலும் துளைபோட்டு மண் எடுத்தார். ஆய்வுக்கூடத்தில் பனித்தண்ணீரில் ஊறப்போட்டு எண்ணினார். முதல் கூடாரம்: நூற்றுக்குத் தொண்ணூற்றேழு உயிரோடு. இரண்டாவது: தொண்ணூற்றாறு. எட்டு வரைக்கும் அதே கதை. மேடம் முதுகு வளைந்துகொண்டே போனது.

"அவளுக முழிக்கவே இல்ல," என்றார். "பன்னெண்டு நாள் வெயில் அடிச்சும் ஒருத்திகூட அசையல. ஏமாந்தது நாம நாலு பேரு மட்டும்தான்."

ஒன்பதாவதைப் பார்க்க அவருக்கு மனமே இல்லை. ரெஹானாதான் தட்டை முன்னால் நகர்த்தினார்.

ஒன்பதில் ஒன்றுகூட உயிரோடு இல்லை.

மேடம் நாற்காலி கவிழ எழுந்தார். மூன்று தடவை எண்ணினார். அப்புறம் கூடாரத்துக்கு ஓடி, விளக்குகளை அளந்து, அங்கே மட்டும் ஒரு விளக்கு பதினோரு டிகிரி சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அண்ணாச்சி முகத்தில் நிழல் விழாமல் ஓரமாக நின்று நான் கோணலாக மாட்டிய விளக்கு! இரண்டு நாள் தூங்காமல் அந்தப் பதினோரு டிகிரியைப் பற்றி இருபது பக்கம் எழுதினார். பாசிமேடு முழுக்க மூவாயிரம் விளக்குகள், எல்லாம் பதினோரு டிகிரிச் சாய்வில். அடுத்த குளிர்காலத்தில் அவை எரியும், எல்லாப் பூச்சியும் பிழைக்கும், குழு யந்திரத்தை அனுப்பும். இது எனக்குத் தெரியும். என் வாயில் அந்த 'இல்ல மேடம்' முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை, சொல்லிவிடுவது என்று அவர் அறைக்குப் போனேன். எனக்கு முன்னால் அண்ணாச்சி இட்லித் தட்டோடு நின்றிருந்தார்.

"பொங்கல் சிந்துச்சும்மா. நான்தான் சிந்துனேன்."

"பொய் மேடம்," என்றேன். "நான்தான் தட்டை எத்திவிட்டேன். கேட்டப்ப பொய்யும் சொன்னேன்."

மேடம் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார். "எவ்வளவு?"

"மூணு லிட்டர். காலைல பத்தே முக்காலுக்கு. மண்ணு குடிச்சிருச்சு."

"நான் படிக்காதவன்," என்று அண்ணாச்சி இட்லித் தட்டை மேசையில் வைத்தார். "ஆனா ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு வத்தல்னு நீங்கதான ஒத்துக்கிட்டீங்க? வத்தல வெயில்ல வச்சா ஊறுமா? இன்னும்தான் காயும். தண்ணில போட்டாத்தான ஊறும்? நாம பனிய எல்லாம் கூட்டி எடுத்துட்டு, பன்னெண்டு நாளா அதுகள நல்லாக் காயப்போட்டோம். ஒம்பதாவதுல மட்டும் ஊறுச்சு. ஊறுன வத்தல்ல குளிரு இறங்குச்சு. செத்துருச்சு."

மேடம் தான் எழுதிய இருபது பக்கத்தையும் மூடி வைத்தார்.

"எங்க அம்மா மொட்டைமாடில வருசா வருசம் சுண்டைக்காய் காயப்போடுவா," என்றார் மேடம் மெதுவாக. "நான்தான் காக்கா விரட்டுவேன். பி.எச்டி. வாங்குறதுக்கு முன்னால எனக்கு இது தெரிஞ்சிருந்துச்சு." அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டியது. அண்ணாச்சி பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டார்.

அன்றைக்கே இரண்டு கிண்ணங்களில் சோதித்தோம். விளக்கு மட்டும் போட்ட கிண்ணத்தில் சீரகம் சீரகமாகவே கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டதில் நாலு மணி நேரத்தில் புழுக்கள் உப்பி நெளிந்தன. உறைபெட்டியில் வைத்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை. மேடம் இரண்டாவது கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அப்புறம் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

அறிக்கை எழுதும்போதுதான் சிக்கல். "தண்ணி ஊத்துனோம்னு மட்டும் எழுதுங்க மேடம்," என்றார் ரெஹானா. "பொய்யில்லையே? அண்ணாச்சிக்கும் கோமதி அண்ணனுக்கும் தடை வராது."

நானும் அண்ணாச்சியும் மேடம் முகத்தையே பார்த்தோம். அந்த ஊர் எங்களுக்குப் பிடித்துப்போயிருந்தது.

"பதினாறு வருசத்துக்கு முன்னால பாக்காததப் பாத்த மாதிரி ஒரு வரி எழுதுனேன்," என்றார் மேடம். "அந்த ஒத்த வரி பெத்ததுதான் சதுர அடிக்குப் பன்னெண்டாயிரம். தண்ணியா, பாலா, வெல்லமா, எது கொன்னுச்சுன்னு களத்துல நான் பாக்கல. அங்க சிந்துனது பொங்கல். அண்ணாச்சி, கோமதி, என்ன மன்னிச்சிருங்க."

"எழுதுங்கம்மா," என்றார் அண்ணாச்சி. "ஏலக்காய் நாலு. அதையும் போடுங்க. முந்திரி இல்ல, தீந்துபோச்சு."

எல்லாவற்றையும் எழுதினார். அரிசியின் அளவு, பித்தளைப் பானை, காகித மஞ்சள், கேபிள் கரும்பு, என் பூட்ஸ் தட்டிய நேரம், நான் சொன்ன பொய், நாங்கள் போட்ட சத்தம்.

செப்டம்பரில் ஒப்பந்தக் குழுவிடமிருந்து ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் கடிதம்: சமைத்தவரும் தட்டைக் கவிழ்த்தவரும் வாழ்நாள் முழுவதும் அண்டார்டிகத் தரையில் கால் வைக்கத் தடை. இரண்டாவது: பாசிமேட்டைச் சுரண்டும் உத்தரவு ரத்து. களத்தில் நிரூபணமான செய்முறையை மட்டுமே குழு அனுமதிக்கும் என்பதால், அடுத்த குளிர்காலத்தில் பூச்சி பரவிய ஐந்து தீவுகளிலும், எந்த அம்சமும் மாறாமல், அதே செய்முறையைக் கையாள வேண்டும். வெறும் தண்ணீர்ச் சோதனை அதற்கடுத்த வருடம் பரிசீலிக்கப்படும். செய்முறை நிபுணராக திரு. தவசிமுத்து தொலைத்தொடர்பு மூலம் பங்கேற்கக் கோரப்படுகிறார்.

"கால்தான வைக்கக்கூடாது," என்றார் அண்ணாச்சி. "வாய் வைக்கலாம்னு சொல்றாய்ங்க."

கூடவே பதினேழு சந்தேகங்கள் கேட்டிருந்தார்கள். பித்தளைக்குப் பதில் எஃகு ஆகுமா? ஊதாக் குழாயின் நீளம் எத்தனை? பதினாறு கேள்விகளுக்கு மேடம் மளமளவென்று பதில் எழுதினார். பதினேழாவதில் நின்றார்.

'திரவம் வழியும் தருணத்தில் குழுவினர் உரக்க ஓர் ஒலி எழுப்பியதாக அறிக்கை கூறுகிறது. அது அவசியமா?'

நான் சிரித்தேன். ரெஹானா சிரிக்கவில்லை. மற்ற தீவு நிலையங்களின் வில்லைக் கணக்குகளும் அவருக்கு வரும். அவற்றில் ஒன்றில் ஆறு பேர் இருந்தார்கள், அந்த வாரம் ஆறு பேரும் சேர்ந்து பேசியது இருநூறு சொல். அதில் ஒருவர் மூன்று வாரமாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ரெஹானா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, தானே பதிலை அடித்தார்.

'மிக அவசியம். ஒருவர்கூட விடுபடாமல் எல்லோரும் சேர்ந்து எழுப்ப வேண்டும்.'

மேடம் அதைப் படித்தார். பார்க்காததை எழுத மாட்டேன் என்றவர் அதை அழித்துவிடுவாரோ என்று நினைத்தேன். "இது நான் பாத்ததுதான்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஆனியில் நான் அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தேன். வெளியே நாற்பத்தொரு டிகிரி. அண்ணாச்சி வீட்டு முன்னறையில் குளிர்சாதனத்தைப் பதினாறில் வைத்து, பழைய குல்லாவை மாட்டிக்கொண்டு, ஒலிபெருக்கி முன் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த இருட்டு ஞாபகம் வந்தது. இனி அங்கே நாங்கள் போக முடியாது. அகத்தியர் நிலையத்தில் பானை பொங்கி முடித்து, ரெஹானாவும் மேடமும் இணைப்பில் காத்திருந்தார்கள். அடுத்தது அந்த ஆறு பேர் இருக்கும் தீவு.

"தீயக் குறைக்காதீங்க," என்று அண்ணாச்சி தமிழிலேயே சொன்னார். யந்திரம் மொழிபெயர்த்தது. "விடுங்க, வழியட்டும். இப்ப!"

ஒலிபெருக்கி அதிர்ந்தது. ராகமும் இல்லை, தாளமும் இல்லை, ஆனால் பொங்கலோ பொங்கல்தான்.

"இன்னொரு வாட்டி கத்தச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றது ரெஹானாவின் குரல். "எண்ணணும்."

அவர் சொன்னார். அவர்கள் கத்தினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு விரல் விட்டு எண்ணினேன். ஐந்து குரல்கள் சேர்ந்து வந்தன. ஒரு மூச்சு தள்ளி, கரகரப்பாக, நெடுநாள் பேசாத தொண்டையிலிருந்து ஆறாவதும் வந்தது.